நண்டறுத்த கண்ணி

பட்டியலில் பதினெட்டாவது பெயர் என்னுடையது.
பள்ளியில் ஹாக்கி மட்டைகள் பதினேழு.
கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.
பந்து பொறுக்கு, தண்ணி கொண்டா,
கம்பத்தில் வலை கட்டு என்றார்கள்.
வலை, முட்டத்து ஸ்டெனிஷின் வீட்டுடையது,
கடலுக்குப் போய் ஓய்ந்தது.
மீன்வாடையோடு எங்களுடன் பஸ் ஏறும்.
அழகியமண்டபம் தாண்டி ஒருநாள்
கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார்.

குறுவட்டப் போட்டி ஆடிச் சாரலில்.
திங்கள்சந்தைக்காரர்கள் வரவேயில்லை.
எதிரில் யாருமற்ற மைதானத்தில்
பந்தை ஒருமுறை தட்டிவிட்டு
எங்களுக்குள்ளேயே கைகுலுக்கி ஜெயித்தோம்.
குலசேகரத்தோடு மூன்றுக்கு மூன்று.
செம்மண் குழம்பில் பந்து புதைந்துபோக
இரண்டு அணியும் சுற்றி நின்று தோண்டியது
மரச்சீனிக் கிழங்கைப் போல.
மறு ஆட்டம் வைத்தார்கள். மழை.
மறுபடி வைத்தார்கள். நடுவருக்குத் தேர்தல் வேலை.
மூன்றாம் முறை
வேளிமலைச் சரிவில் ரப்பர் வெட்டி முடித்து
நேரே வந்தான் சஜின்ராஜ்.
விரலிடுக்கில் பால் உறைந்திருந்தது.
அதை உருட்டிப் பிய்த்துக்கொண்டே
இரண்டு கோல் போட்டான்.

"சவம், சாளை மாதிரி வழுக்குது"
என்பான் ஸ்டெனிஷ், எந்தப் பந்தையும்.

காலிறுதியில் அஷ்பாக்கின் பல் போனது.
பொறுக்குகிறவன் வேலைதானே, தேடினேன்.
கிடைத்தது ஒரு வெள்ளைக் கல்.
அதையே தாளில் மடித்துக் கொடுத்தேன்.
அவன் உம்மா அதைப் பத்திரமாய் வைத்திருக்கிறாளாம்.

இறுதிப்போட்டிக்கு முந்தின நாள்
வலையை விரித்தபோது பார்த்தேன்.
இடப்பக்கம், முட்டி உயரத்தில்,
நாலைந்து கண்ணி, நண்டு அறுத்தது.
ஸ்டெனிஷின் அப்பா
ஊசியும் நூலும் கொடுத்துவிட்டிருந்தார்.
கால்மணி நேர வேலை.
அன்று சாயங்காலம்தான்
அணியைப் படம் எடுத்தார்கள்.
"நீ கொஞ்சம் தள்ளி நில்லு மக்கா,
வலையோட நிண்ணா எல்லாரையும் மறைக்குது."
ஊசி சட்டைப்பையிலேயே இருந்தது.

தக்கலையில் ஆட்டம், கருங்கல்லோடு.
ஒன்றுக்கு ஒன்று, கடைசி நிமிடம்.
சஜின் அடித்தது
கம்பத்துக்கு வெளியே போனது,
வெளியேதான்,
பிறகு வலைக்குள் கிடந்தது.
நடுவர் வலைக்குள் பார்த்தார். விசில்.
ஓட்டைக்கு இரண்டடியில் நான்,
கையில் தண்ணீர்க் குப்பி.
கருங்கல் கோலி பிரைட்சன்
நடுவரைப் பார்க்கவில்லை.
முகக்கம்பிகளுக்குள் இருந்து என்னைப் பார்த்தான்.
நான் குனிந்து
செருப்பு வாரைச் சரிசெய்தேன்.
வாருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

என்னையும் தூக்கினார்கள்.
மேலிருந்து பார்த்தால்
தக்கலை மைதானம் ரொம்பச் சின்னது.

கோப்பை தலைமையாசிரியர் மேசையில் இருக்கிறது,
பேனாக்கள் போட்டு வைத்திருக்கிறார்.
மறுநாளே ஓட்டையைப் பின்னினேன்,
நெத்திலியும் நுழையாதபடி
முடிச்சுக்கு மேல் முடிச்சு.
"எதுக்குடே இப்ப?" என்றான் ஸ்டெனிஷ்.
"சீசனே முடிஞ்சாச்சு."

ஐப்பசியில்
மார்த்தாண்டம் மேம்பாலத்தடியில்
நனைந்துகொண்டு நின்றான் பிரைட்சன்.
கேட்காமலே என் குடைக்குள் வந்தான்.
மழை பற்றிப் பேசினோம்,
குழித்துறை ஆற்றில் வெள்ளம் எவ்வளவு என்று,
அரையாண்டுத் தேர்வு எப்போது என்று.
அவன் பஸ் வந்தது.
படியில் ஏறித் திரும்பிச் சொன்னான்:
"வெளிய போவுதுன்னுதான் விட்டேன்."
நான் சரி என்றேன்.
வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தேன்,
கண்டக்டர் இரட்டை விசில் கொடுத்துவிட்டார்.